மாதிரித் துண்டு

மே 28, புதன்

காலையில் முதல் வேலையாக, வெளுத்து வரும் துணியின் நிறத்தை ஒத்துப் பார்க்க லினன் ரூமுக்கு மாதிரித் துண்டு வெட்டிக் கொடுத்தேன். பழையது பழுப்பேறிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பீரோவைத் திறந்து, புது பெட்ஷீட் ஒன்றை எடுத்து, ஒரு முழம் வெட்டி, மூலையில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது கொள்முதல் மேலாளரான என் வேலைகளில் ஒன்று. பீரோ பூட்டு மக்கர் பண்ணுகிறது. எண்ணெய் விட வேண்டும்.

அப்புறம் கூட்டம். எம்.டி. டாக்டர் ஹரிகிருஷ்ணா சிங்கப்பூர் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து தரையில் நிற்கவில்லை. இனி நம் மருத்துவமனை பசுமையாகத்தான் வாங்குமாம். அதற்கு ஒரு சான்றிதழ் இருக்கிறதாம். ஈரோட்டில் இன்னும் யாரிடமும் இல்லையாம். வாசலில் மாட்டினால் எப்படி இருக்கும் என்று திரையில் படம் போட்டே காட்டினார்.

"நம்மளால சுற்றுச்சூழலுக்கு வர்ற கெடுதல்ல பெரும்பகுதி, நாம வெளிய இருந்து வாங்குறதுலதான் இருக்கு. ஸோ, சப்ளையர்ஸ் மாறணும். இது முழுக்க உங்க பொறுப்பு, சௌடேஸ்வரி மேடம்."

சப்ளையர்கள் மாற வேண்டும். சரி. நாம் என்ன மாற வேண்டும் என்று ஒரு ஸ்லைடாவது இருக்கும் என்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி ஸ்லைடு வந்துவிட்டது.

எழுந்து போகும்போது, துணைப் பொது மேலாளர் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மிக்ஸி சின்ன ஜார் ரிப்பேர். சட்னிக்குப் பதில் பொடி.

ஜூன் 5, வியாழன்

சுற்றுச்சூழல் தினம். கருத்தரங்குக் கூடத்தில் சப்ளையர்கள் எல்லோரையும் உட்கார வைத்து உறுதிமொழி வாங்கினோம். மேடையில் 'பசுமைக் கொள்முதல்' என்று ஆளுயரத்துக்கு எழுத்து. தெர்மாகோலில் வெட்டியது. அதைச் சுட்டிக் காட்டலாம் என்று போனால் பொக்கே வந்துவிட்டது, பாலிதீன் சுற்றி. விட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து வருண் என்று ஓர் ஆலோசகர். சப்ளையர்களோடு 'கைகோக்கிறோம்' என்றார். கைகோத்தபடியே அவர்களுக்கு மார்க்கும் போடப்போகிறார். மார்க் குறைந்தவர் வெளியே.

நம் ஆஸ்பத்திரித் துணி முழுவதையும் எட்டு வருடமாக வெளுத்துத் தருபவர் நாச்சிமுத்து. ஓடைக்கரையில் மெஷின் லாண்டரி வைத்திருக்கிறார். அவருக்கு நம்மை விட்டால் வேறு பெரிய வாடிக்கை கிடையாது. அவர் மட்டும்தான் எழுந்து கேள்வி கேட்டார்.

"ப்ளீச்சைக் கொறைக்கச் சொல்றீங்க. கொறைக்கறனுங்க. ஆனா துணி கொஞ்சம் பழுப்படிக்குமுங்க. வாங்கிக்குவீங்களா?"

எம்.டி. சிரித்தார். "சொல்யூஷனோட வாங்க சார், ப்ராப்ளத்தோட வராதீங்க." எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

டீ இடைவேளையில் நாச்சிமுத்து என்னிடம் வந்தார். "எனக்கும் பண்ணோணும்னு ஆசைதானுங்க மேடம். பக்கத்துத் தோட்டத்துக்காரரு தெனமும் வந்து சண்டை புடிக்கறாரு. அவர் தென்னையெல்லாம் மஞ்சளாப் போச்சாமுங்க. ரத்தக் கறை, மருந்துக் கறை இருக்கற துணிக்கு மட்டும் ப்ளீச் போடறனுங்க. மத்ததுக்குக் கொதிக்கற தண்ணியும் வெயிலும் போதும். கிருமியெல்லாம் செத்துப் போயிரும். நெறம்தான் கொஞ்சம் முன்னப்பின்ன வரும்."

"செய்யுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

இவர் திருப்பூரிலிருந்து வந்தார். மிக்ஸி ஜாரைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கடையில் கொடுக்கச் சொன்னார். அது எனக்கே தெரியும்.

கவினின் யூனிஃபார்ம் சட்டைக் காலரில் அழுக்கு போகவே மாட்டேன் என்கிறது. ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஊற வைத்தேன். பையன் சட்டை பளிச்சென்று இல்லாவிட்டால் அம்மாவைத்தான் சொல்வார்கள். விரல் இடுக்கெல்லாம் எரிகிறது.

ஜூன் 16, திங்கள்

புது முறையில் வெளுத்த முதல் வண்டி வந்தது. நானே லேபுக்கு மாதிரி அனுப்பியிருந்தேன். கிருமி எதுவும் இல்லை, சுத்தம் என்று கையெழுத்தோடு முடிவும் வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு உற்சாகமாக லினன் ரூமுக்குப் போனேன்.

அங்கே பிலோமினா சிஸ்டர். மேட்ரன். ஜன்னல் பக்கத்தில் பலகையில் குத்தியிருக்கும் மாதிரித் துண்டுக்குப் பக்கத்தில் பெட்ஷீட்டின் ஓரத்தைப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார்.

"ரிட்டர்ன்."

"சிஸ்டர், லேப் ரிப்போர்ட் பாருங்க. சுத்தமா இருக்கு."

"சுத்தமா இருக்கு மேடம், நான் இல்லேன்னு சொல்லல. துண்டோட நிறம் வரல. துண்டு என்ன சொல்லுதோ அதுதான் எனக்கு ரூல். நாளைக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து இது என்ன சாயம்னு கேட்டா, நான் என்ன சொல்லட்டும்?"

வண்டி அப்படியே திரும்பிப் போயிற்று. ஊரில் நம்மை வெள்ளை ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியை ஆரம்பித்த பெரிய டாக்டருக்கு அந்தப் பெயரில் அவ்வளவு பெருமை. அதற்காக நோயாளிகளுக்கு ஒரு குறையும் இல்லாத துணியை வண்டியோடு திருப்பி அனுப்புவதா? இந்த அம்மாவின் பிடிவாதத்தைப் பார்த்தால் மல்லிகைப்பூவையே ரிட்டர்ன் பண்ணுவார் போலிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் ரிட்டர்ன்.

ஜூன் 19, வியாழன்

நாச்சிமுத்து போன் பண்ணினார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் வந்தது.

திரும்பி வந்த துணியையெல்லாம் மறுபடி வெளுக்க வேண்டும். மறுபடியும் ரிட்டர்ன் ஆகிவிடக் கூடாது என்று இந்த முறை ப்ளீச்சைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். ஒரே துணிக்கு இரண்டு தடவை தண்ணீர், இரண்டு தடவை கரண்ட், இரண்டு தடவை வண்டி.

"பசுமை ஆரம்பிச்சதுல இருந்து ப்ளீச் ட்ரம்மு ரெண்டு மடங்கு எறங்குதுங்க மேடம். சொன்னா சிரிப்பீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறுதிமொழி வாங்கி, தெர்மாகோல் வெட்டி, கைதட்டி, கடைசியில் ஓடையில் இரண்டு மடங்கு விஷத்தை விட்டிருக்கிறோம். அந்தத் தோட்டத்துக்காரர் வந்து எங்களைச் சட்டையைப் பிடித்துக் கேட்டால் என்ன பதில்?

எம்.டி.க்கு ஒரு மெயில் எழுதினேன். காரசாரமாகவே எழுதினேன். அனுப்பப் போகும்போது நெட் சரியில்லை. நாளை அனுப்பலாம்.

ஜூன் 24, செவ்வாய்

வருணோடு நாச்சிமுத்துவின் லாண்டரிக்குப் போனேன். மதிப்பீடு. வாசலுக்கு வரும் முன்பே காரில் வாசனை ஏறியது. உள்ளே போனதும் கண் கரித்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

அவர்களில் மூத்தவர் பாவாத்தாள். தொட்டிப் பக்கம் நிற்பவர். வருண் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து கையை நீட்டினார். விரல்கள் வெந்த மாதிரி வெளுத்திருந்தன.

"பாருங்க அம்மிணி. உங்க பெட்ஷீட்டு வெளுக்கலீன்னு திருப்பி அனுப்பறீங்க. எங்கையி எப்படி வெளுத்துக் கெடக்குது பாத்தீங்களா. இதைக் கொண்டுபோயி காட்டுங்க, பாஸ் பண்ணிருவாங்க."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரித்து முடிக்கும் முன் இருமல் வந்துவிட்டது. மாஸ்க் வாங்கித் தரச் சொல்லி நாச்சிமுத்துவைச் சத்தம் போட்டேன். வாங்கி வைத்திருக்கிறார். அந்தப் புழுக்கத்தில் யாரும் போடுவதில்லை.

வருண் கேட்ட கேள்விகள்: தீயணைப்புக் கருவியில் தேதி இருக்கிறதா, சுவரில் பாதுகாப்புப் போஸ்டர் இருக்கிறதா, ஆங்கிலத்தில் கொள்கை அறிக்கை இருக்கிறதா. ப்ளீச் ஏன் இவ்வளவு என்று கேட்கவே இல்லை. நானாவது சொல்லியிருப்பேன். அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 2, புதன்

மார்க் வந்துவிட்டது. எல்லோரையும் விடக் குறைவு நாச்சிமுத்துவுக்கு. ஏன்? ரிட்டர்ன் ஆன துணியெல்லாம் 'தரக் குறைபாடு' என்று கணக்கில் ஏறியிருக்கிறது. சுத்தமாக வெளுத்ததற்குத் தண்டனை. எந்த ஊர் நியாயம் இது?

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று வந்திருக்கிறது. பளபளவென்று சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தினமும் லாரியில் கொண்டு வந்து இறக்குவார்களாம். ஒவ்வொரு பெட்ஷீட்டையும் தனித்தனி பாலிதீன் கவரில் போட்டு. எம்.டி. கவரைத் தடவிப் பார்த்து, "ப்ரீமியம் லுக்" என்றார். பச்சைச் சான்றிதழுக்காகப் பக்கத்தில் இருக்கிற ஆளை விரட்டிவிட்டு, தினமும் டீசல் எரித்து பாலிதீன் கவரில் துணி வாங்கப் போகிறோம். இதை யாராவது கதையாக எழுதினால் நம்ப மாட்டார்கள்.

மாதக் கடைசிக்குள் நாச்சிமுத்து திருந்தவில்லை என்றால் மாற்றிவிடுவது என்று முடிவு. அவர் போனால் அந்தப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போகும். கூட்டத்தில் நான் பேசியிருப்பேன். காலையிலிருந்தே தொண்டை கட்டிக்கொண்டு இருந்தது.

மிக்ஸி ஜார் வந்துவிட்டது. மறுபடி ஒழுகுகிறது.

ஜூலை 9, புதன்

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கேஷுவாலிட்டியிலிருந்து போன். லாண்டரியிலிருந்து ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டு வந்திருக்கிறார்கள். பாவாத்தாள்.

நேற்று மறுபடி ஒரு வண்டி ரிட்டர்ன். இன்று அதைத் தொட்டியில் போட்டு, ப்ளீச் கலவையைக் கெட்டியாக ஊற்றியிருக்கிறார்கள். மூடியைத் திறந்த நேரத்தில் புகை முகத்தில் அடித்திருக்கிறது. மூச்சு விட முடியாமல் அங்கேயே சுருண்டுவிட்டார். நாச்சிமுத்து ஆக்ஸிஜன் அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எம்.டி.யிடம் ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே?"

இல்லை சார். அவர்கள் நம் ஸ்டாஃப் இல்லை. நம் வெள்ளைக்காக மூச்சைக் கொடுத்தவர்கள், அவ்வளவுதான். இப்படித்தான் சொல்ல நினைத்தேன். "இல்லை சார்" என்பது மட்டும் வாயில் வந்தது.

ஜூலை 10, வியாழன்

பாவாத்தாளை வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. நுரையீரல் ஆறுவதற்கு நாளாகும், இனி அந்த வேலைக்கே போகக் கூடாது என்கிறார் டாக்டர்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். குரல் காற்றாகத்தான் வருகிறது. கையால் பெட்ஷீட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இது நாங்க வெளுத்ததுங்களா அம்மிணி?"

"ஆமாங்க."

"நல்லா வெளுத்திருக்குதுங்களா? பாஸ் பண்ணிட்டாங்களா?"

எனக்கு வந்த அழுகையில் கோபம்தான் அதிகம். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். யாரைத் திட்டுவது என்று பார்த்தால் எல்லோரையும்தான் திட்ட வேண்டும். எம்.டி.யை, சென்னை ஆலோசகரை, ஜன்னலோரம் கண்ணைச் சுருக்கும் அந்த மேட்ரனை. மூச்சுத் திணறுகிற பெண்ணுக்குக்கூட பாஸா ஃபெயிலா என்ற கவலையைக் கொடுத்த எல்லோரையும்.

ஜூலை 11, வெள்ளி

கவினின் சட்டை காலரில் நூல் நூலாகக் கிழிந்துவிட்டது. புதுசு வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை.

ஜூலை 12, சனி

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆபீஸ் போய்ப் பீரோவைத் திறந்தேன். மாதிரித் துண்டு வெட்டுகிற அந்தப் புது பெட்ஷீட்டை வெளியே எடுத்து மேஜையில் விரித்தேன். மில்லிலிருந்து வந்தபடியே இருக்கிறது. மில்காரர்கள் ஏற்றிய பளபளப்பு அப்படியே இருக்கிறது. அதில் ஒரு நோயாளிகூடப் படுத்ததில்லை. ஒரு தடவைகூடத் தண்ணீர் கண்டதில்லை.

எட்டு வருடமாக நாச்சிமுத்துவின் துணியை இதனோடுதான் ஒத்துப் பார்க்கிறோம். தண்ணீர் கண்ட எந்தத் துணியாவது ப்ளீச்சில் முக்காமல் இந்த நிறத்துக்கு வருமா? இந்த மடத்தனத்தை எந்த முட்டாள் ஆரம்பித்து வைத்தானோ.

பாவாத்தாள் இன்று வீட்டுக்குப் போனார். மகள் காங்கேயத்திலிருந்து வந்து அழைத்துப் போனாள். அவர் படுத்திருந்த பெட்ஷீட்டை வார்டில் கேட்டு வாங்கினேன். நாச்சிமுத்துவிடம் கொடுத்தேன்.

"நீங்க மொதல்ல சொன்ன மாதிரி வெளுத்துக் கொடுங்க. ப்ளீச் வேண்டாம். கொதி தண்ணி, வெயில்."

"ரிட்டர்ன் வந்துருமுங்க மேடம்."

"வராது."

ஜூலை 15, செவ்வாய்

பெட்ஷீட் வந்தது. தயிர் நிறம். லேபுக்கு அனுப்பினேன், சுத்தம் என்று முடிவு வந்தது. கத்தரியை எடுத்து ஒரு முழம் வெட்டினேன். மூலையில் கையெழுத்து, தேதி. பழைய துண்டைப் பலகையிலிருந்து பிடுங்கிவிட்டு இதைக் குத்தினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. துண்டு பழுதானால் மாற்றுவது என் வேலை.

பீரோவில் இருந்த புது பெட்ஷீட்டை மகப்பேறு வார்டுக்குக் கொடுத்துவிட்டேன். யாராவது படுக்கட்டும்.

ஜூலை 16, புதன்

முழு வண்டியும் பாஸ். பிலோமினா சிஸ்டர் ஓரத்தைப் பிடித்தார், கண்ணைச் சுருக்கினார், துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓகே" என்று கையெழுத்துப் போட்டார். அவ்வளவு கறாரான கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை பாருங்கள்!

ஜூலை 25, வெள்ளி

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ். நானும் கூடவே போனேன். ஒரு கட்டிலில் கையை வைத்து, "துணி மிருதுவா இருக்கே, கம்பெனி மாத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவர் பெயரைச் சொல்லித்தான் இத்தனை வருடம் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தோம்.

பத்து நாளாக ஒரு ரிட்டர்ன்கூட இல்லை. ட்ரம் பாதிகூட இறங்குவதில்லை என்கிறார் நாச்சிமுத்து. எம்.டி. கோயம்புத்தூர் கம்பெனியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பாத்தீங்களா மேடம், சப்ளையர்ஸோட உக்காந்து பேசினா மாறுவாங்க. எங்கேஜ்மென்ட்!" என்றார். கையில் இருந்த ஃபைலை அவர் தலையில் போடாமல் வைத்துக்கொண்டது என் நல்ல குணம்.

ஜூலை 27, ஞாயிறு

காங்கேயம் போய்ப் பாவாத்தாளைப் பார்க்க வேண்டும். இங்கிருந்து நேர் பஸ் இருக்கிறதா தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சான்றிதழ் விழா. அதே கூடம், அதே தெர்மாகோல் எழுத்து. தூசி தட்டி மறுபடி ஒட்டியிருந்தார்கள். மறுசுழற்சி என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

நாச்சிமுத்துவை மேடைக்குக் கூப்பிட்டு 'மனம் மாறிய சப்ளையர்' என்று ஷீல்டு கொடுத்தார்கள். மனம் மாறியவராம்! முதல் கூட்டத்தில் எழுந்து நின்று வழி சொன்னவர் அவர்தான். மைக்கைக் கொடுத்தபோது, "நன்றிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பாவாத்தாள் பெயரை யாரும் எடுக்கவில்லை. பிறகு எம்.டி. என் பெயரைச் சொன்னார். துணைப் பொது மேலாளர். கைதட்டல். மாலை. நானும் போய் வாங்கிக்கொண்டேன்.

கீழே சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் பிலோமினா சிஸ்டர். வாழ்த்துச் சொன்னார். பிறகு குரலைத் தணித்தார்.

"புதுத் துண்டு நல்லா இருக்கு மேடம். ஓரத்துல லேசா மருந்துக் கறை இருக்கு. யாரோ படுத்த துணிதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுதான் பாஸ் பண்ணீங்களா?"

"துண்டு என்ன சொல்லுதோ அதுதான் ரூல்னு அன்னைக்கே சொன்னேனே. துண்டை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. பீரோ சாவி உங்ககிட்ட இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒருக்க நீங்கதான் வெட்டிக் கொடுக்கிறீங்க. எட்டு வருஷமா, இந்தத் தடவையாவது துவைச்ச துணியில வெட்டுவாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

என்ன திமிர் இந்த அம்மாவுக்கு! எட்டு வருடம் தெரிந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஒரு வண்டி விடாமல் திருப்பி அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்துப் பேசுகிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? லேப் ரிப்போர்ட்டோடு அன்று நான் போய் நின்றபோது சொல்லியிருக்கலாம் இல்லையா?

சொன்னார்தான். துண்டு என்ன சொல்லுதோ அது என்று சொன்னார்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கவின் ஏன் என்று கேட்டான். மிக்ஸி ஜார் ஒழுகுகிறது என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காங்கேயத்துக்கு நேர் பஸ் இருக்கிறது. ஒன்று போனால் அடுத்தது வந்து நிற்கிறது. ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

பாவாத்தாள் மகள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. அவர் படுத்த பெட்ஷீட்தான் இப்போது மாதிரி, இனி யாரும் அந்தக் கலவையைக் கெட்டியாக ஊற்ற வேண்டியதில்லை என்று சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்று அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வழி முழுக்க அதற்குப் பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். நெட், தொண்டை, ரயிலுக்கு நேரமானது, எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. "வெயில்ல வந்திருக்கறீங்க. சாப்பிட்டீங்களா அம்மிணி?" என்றுதான் கேட்டார்.